சூட்டுக் கீமோ: களியக்காவிளைப் பக்கத்துப் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

அறுவை சிகிச்சை வார்டில் சிஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் வீடு. எங்கள் ஊரில் ஒருவர் குரலைத் தாழ்த்தி "ஆர்.சி.சி.க்குப் போயிருக்காவ" என்றால் என்ன நோய் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. திருவனந்தபுரத்தில் அந்தப் புற்றுநோய் மையம் 1981-ல் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அங்கே போய்க்கொண்டிருக்கின்றன. டாக்டர் மலையாளத்தில் சொல்லி அனுப்பியதை வீட்டில் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல என்னைக் கூப்பிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் என் அண்ணன் மனைவிக்கே, என் மைனிக்கே, சினைப்பைப் புற்றுநோய் வந்தது. அதன்பின் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓவரி கேன்சர், அண்டாசயக் கேன்சர், கர்ப்பப்பைக் கேன்சர், எல்லாம் ஒன்றுதானா?

ஓவரி, சினைப்பை, சூலகம், மலையாளத்தில் அண்டாசயம், இந்த நான்கும் ஒரே உறுப்பின் பெயர்கள். கர்ப்பப்பை வேறு உறுப்பு. கர்ப்பப்பை வாயில் எடுக்கும் பாப் ஸ்மியர் சோதனை சினைப்பைப் புற்றைக் காட்டாது. "போன வருஷம்தான் டெஸ்ட் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்களே" என்று அழும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

சினைப்பைப் புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை. வயிறு உப்பும், நாலு வாய் கஞ்சி குடித்ததும் வயிறு நிறைந்துவிடும், அடிக்கடி சிறுநீர் முட்டும். மைனி அண்டியாபீசில் முந்திரிப் பருப்பு தோலுரிக்கும் வேலை பார்த்தவர்கள். நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பதால் வாயு பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஒரு கிளினிக்கில் நான்கு மாதம் வாயு மாத்திரை கொடுத்தார்கள். "வயிறு கல்லு மாதிரி இருக்கு பிள்ளே" என்று என்னிடம் காட்டிய அன்று உள்ளே நீர் கோத்திருந்தது. பெரும்பாலான பெண்களுக்கு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் தெரியவருகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரண்டு மூன்று வாரம் வயிறு உப்பியே இருந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வாயு மாத்திரையோடு திரும்பி வராதீர்கள்.

சூட்டுக் கீமோ என்றால் என்ன?

டாக்டர்கள் அதை ஹைபெக் என்பார்கள். கீமோ மருந்தைச் சூடாக்கி, ரத்தக் குழாயில் ஏற்றாமல் நேராக வயிற்றுக்குள் சுழலவிடும் முறை அது. தனியாகச் செய்யும் சிகிச்சை அல்ல. பெரிய ஆபரேஷன் ஒன்றின் கடைசிக் கட்டமாக, அதே மேசையில், அதே மயக்கத்தில், ஒரே ஒரு தடவை செய்வது.

சினைப்பைப் புற்று வயிற்றுக்குள் மணல் தூவியதுபோலப் பரவும். குடலைச் சுற்றியும் வயிற்றின் உள்சுவரிலும் பளபளப்பாக ஒரு சவ்வு இருக்கிறது. அதன்மேல் கடுகளவு, பயறளவு முடிச்சுகளாக ஒட்டிக்கொள்ளும். ஆபரேஷனில் கர்ப்பப்பை, இரண்டு சினைப்பைகள், குழாய்கள், குடலுக்கு முன்னால் திரைபோலத் தொங்கும் கொழுப்பு, நோய் பட்ட சவ்வு எல்லாவற்றையும் எடுப்பார்கள். தேவைப்பட்டால் குடலில் ஒரு துண்டும் போகும். கண்ணுக்குத் தெரிந்த எல்லாம் போனபிறகும் கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் இருக்கும். அவற்றைக் குறிவைத்துத்தான் இந்தக் கழுவல்.

வயிற்றுக்குள் குழாய்கள் வைப்பார்கள். ஒரு பம்பு மருந்து கலந்த நீரைச் சூடாக்கி உள்ளே தள்ளும், மறுபக்கம் இழுத்து மீண்டும் சூடாக்கி அனுப்பும். உள்ளே 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடு நிற்கும். அதைக் காட்டும் உணர்கருவிகள் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். 60 முதல் 90 நிமிடம் சுழலவிட்டு நீரை முழுக்க வடித்துவிடுவார்கள். அந்த நேரம் நோயாளியின் உடம்புச் சூடும் ஏறும். மயக்க மருந்து டாக்டர் உடம்பைக் குளிரவைத்தபடியே, சிறுநீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில் (அதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்) ஆபரேஷன் மட்டும் என்றால் சராசரியாக 192 நிமிடம் ஆனது, சூட்டுக் கீமோவும் சேர்ந்தால் 338 நிமிடம். ஆகவே வெளியே உட்கார்ந்திருப்பவர்கள், நேரம் நீள்கிறதே என்று பதற வேண்டாம்.

சூடு எதற்கு? மருந்தை அப்படியே ஊற்றினால் போதாதா?

பெரும்பாலும் பயன்படும் மருந்து சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் கலந்த இந்த மருந்து அணுவுக்குள் நுழைந்து அதன் மரபிழையில், அதாவது டி.என்.ஏ.வில், ஒட்டிக்கொண்டு இழையைப் பிரியவிடாமல் கட்டிப்போடும். புற்றணுவும் சும்மா இருக்காது, அந்த இழையைப் பழுதுபார்க்க முயலும். பழுது பார்க்கும் வேலையில் முக்கியமான ஒரு புரதம் பிஆர்சிஏ 2. அணுவை 41, 42 டிகிரியில் வைத்தால் இந்தப் புரதம் கொஞ்ச நேரத்துக்குச் சிதைந்துபோகிறது என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். அதாவது மருந்து உடைக்கும் அதே நேரத்தில், சரிசெய்யும் கையைச் சூடு கட்டிவிடுகிறது. அணுவுக்குள் மருந்து அதிகமாகப் புகவும் சூடு உதவுகிறது.

வயிற்றுக்குள்ளேயே ஊற்றுவதற்கு வேறு காரணம் உண்டு. வயிற்றுச் சவ்வுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இயற்கையாக ஒரு தடுப்பு இருக்கிறது. அதனால் வயிற்றில் மருந்து அடர்த்தியாக நின்றாலும் ரத்தத்தில் அந்த அளவு ஏறாது. ஆனால் மருந்து திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். நெல்லிக்காய் அளவு கட்டியை விட்டுவிட்டு அதன்மேல் எவ்வளவு சூடாக ஊற்றினாலும் உள்ளே போகாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வந்துவிடும். முதலில் கத்தி செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். சூடு அதற்குப் பின்னால் வருவது.

சூடுதான் மருந்து என்றால், வைத்தியசாலையில் கிழி வைத்தாலோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ பலன் கிடைக்காதா?

கிடைக்காது. எண்ணெய்க் கிழியும் உழிச்சலும் மூட்டுவலிக்கு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக உள்ளவை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோலில் வைக்கும் சூடு வயிற்றுக்குள் போய் 41 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் நிற்காது. ரத்த ஓட்டம் அதை உடனே வாங்கிக்கொண்டு போய்விடும். நீர் கோத்து இழுபட்ட வயிற்றுத் தோலில் வைத்தால் வெந்து கொப்பளம்தான் மிஞ்சும். இந்த நோயில் காலில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயமும் அதிகம். அந்தக் காலை அழுத்தி உழியக் கூடாது. கஷாயமோ லேகியமோ குடிப்பதாக இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. அதோடு இன்னொன்று சேர்ந்து தாக்கக் கூடாது.

யாருக்குச் செய்வார்கள்?

இன்றைய நிலையில் வலுவான ஆதாரம் ஒரு குறிப்பிட்ட வகையினருக்கு இருக்கிறது. நோய் மூன்றாம் கட்டம். முதலிலேயே எல்லாவற்றையும் வெட்டி எடுக்க முடியாத அளவு பரவியிருந்ததால் வழக்கமான கீமோ, கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும், மூன்று தடவை கொடுத்திருக்கிறார்கள். நோய் சுருங்கியிருக்கிறது. இப்போது ஆபரேஷன். அந்த ஆபரேஷனோடு சூட்டுக் கீமோ, பிறகு மீண்டும் மூன்று கீமோ. மைனிக்கு நடந்தது இந்த வரிசைதான்.

சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். இதயமும் நுரையீரலும் பல மணி நேர மயக்கத்தைத் தாங்க வேண்டும். வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. நடமாட்டம், சத்து, சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். நோய் நுரையீரலுக்கோ கல்லீரலுக்குள்ளோ போயிருந்தால் வயிற்றைக் கழுவுவது அங்கே எட்டாது.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா, இல்லை புதுசு என்பதால் சொல்கிறார்களா?

இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பதிலைத்தான் வீடுகளில் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

முறை அவ்வளவு புதிதல்ல. சூடான மருந்தை வயிற்றில் சுழலவிட்ட முதல் நோயாளியைப் பற்றி அமெரிக்காவில் ஸ்பிராட் என்ற அறுவை மருத்துவரின் குழு 1980-ல் எழுதியது. அந்த நோயாளிக்கு இருந்தது வேறு வகைப் புற்று. சினைப்பைப் புற்றுக்கு உறுதியான சோதனை வர இன்னும் பல வருடமாயிற்று. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 8 மருத்துவமனைகளில் 2007 முதல் 2016 வரை 245 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் மேலே சொன்ன வகை. பாதிப் பேருக்கு ஆபரேஷன் மட்டும், மறுபாதிக்கு அதோடு 40 டிகிரியில் 90 நிமிடம் சிஸ்பிளாட்டின். 2018-ல் முடிவு வந்தது. ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் பாதிப் பேர் 33.9 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். சூட்டுக் கீமோவும் பெற்றவர்களில் அது 45.7 மாதம். நோய் திரும்பாமல் இருந்த காலம் 10.7 மாதத்திலிருந்து 14.2 மாதமாக நீண்டது. பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2023-ல் மறுபடி வெளியிட்டார்கள். வித்தியாசம் அழியவில்லை: 33.3 மாதம், 44.9 மாதம்.

ஏறக்குறைய ஒரு வருடம். மூத்த மகளின் பிரசவத்தைப் பார்க்க, இளையவளின் படிப்பு முடிவதைப் பார்க்க ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. ஆனால் "இதைச் செய்தால் நோய் அடியோடு போய்விடும்" என்று யாராவது சொன்னால் இந்த எண்கள் அப்படிச் சொல்லவில்லை என்று நினைவில் வையுங்கள். 33, 45 என்பவை தனி ஒருவருக்கான நாள்குறிப்பும் அல்ல. நடுக்கோடு அது. அதற்குக் கீழேயும் பாதிப் பேர், மேலேயும் பாதிப் பேர். பல வருடம் கடந்து நலமாக இருப்பவர்களும் அந்த மேல்பாதியில் இருக்கிறார்கள்.

அடுத்து கொரியாவில் 184 பெண்களிடம் செய்து 2022-ல் வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் தெரியவில்லை. முதலில் கீமோ பெற்றுப் பிறகு ஆபரேஷன் செய்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் தெரிந்தது. ஆரம்பத்திலேயே ஆபரேஷன் செய்தவர்களிடம் தெரியவில்லை. ஆகவே நிபுணர்கள் எல்லோரும் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. ஒரு டாக்டர் வேண்டும் என்றும் இன்னொருவர் வேண்டாம் என்றும் சொன்னால் இரண்டு பேருமே நேர்மையானவர்களாக இருக்கலாம்.

நோய் திரும்பி வந்தவர்களுக்கு?

பிரான்ஸ் நாட்டவர் தலைமையில் 415 பெண்களிடம் செய்த ஆய்வு 2024-ல் வந்தது. முதல் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை திரும்பிய நோய், மீண்டும் கீமோவுக்குக் கட்டுப்பட்டது, முழுக்க வெட்டி எடுக்க முடிந்தது, அப்படிப்பட்டவர்கள். சிஸ்பிளாட்டின் சூட்டுக் கீமோ பெற்றவர்களுக்கு நடுக்கோடு 54.3 மாதம், பெறாதவர்களுக்கு 45.8. ஆனால் அமெரிக்காவில் 98 பேரிடம் கார்போபிளாட்டின் மருந்தை வைத்துச் செய்த சிறிய ஆய்வில் பலன் இல்லை. எந்த மருந்து, எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து பதில் மாறுகிறது.

பணம் கட்டியிருந்தோம். ஆபரேஷன் முடிந்ததும் "சூட்டுக் கீமோ செய்யவில்லை" என்றார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

புத்தன்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இப்படிக் கொதித்துப்போய் வந்தது. ஆபரேஷன் குறிப்பை வாங்கி வாசித்தேன். சிறுகுடலின் வேர்ப்பகுதி முழுக்க நோய் ஒட்டியிருந்தது. அதை எடுத்தால் அந்தப் பெண்ணுக்குச் சாப்பிடக் குடலே மிஞ்சாது. எடுக்க முடியாத கட்டி மிஞ்சிவிட்டதால் மருந்து ஊற்றிப் பயனில்லை, அபாயம் மட்டும் சேரும். நிறுத்திய டாக்டர் சரியான முடிவைத்தான் எடுத்தார். ஸ்கேனில் தெரியாத பல விஷயம் வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். கடைசி முடிவு மேசையில்தான் எடுக்கப்படும். இதை முந்தின நாளே குடும்பத்தாரிடம் அவர்கள் மொழியில் சொல்லியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை. செய்யாத சிகிச்சைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. அதைத் தயங்காமல் கேளுங்கள்.

உடம்பு தாங்குமா? வயிற்றில் பை மாட்டுவார்களாமே?

அந்த நெதர்லாந்து ஆய்வில் கடுமையான பக்கவிளைவுகள் ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 25 சதவீதம், சூட்டுக் கீமோவும் சேர்ந்தவர்களில் 27 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தேர்ந்த கைகள் செய்த ஆய்வு அது. சிறுநீரகப் பாதிப்பு, ரத்தச் சோகை, கிருமித் தொற்று, குடல் தையல் கசிவு, பல நாள் வாந்தியும் சோர்வும், இவையெல்லாம் வரக்கூடியவை. சிறுநீரகத்தைக் காக்க சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்தை ரத்தத்தில் ஏற்றுவார்கள். அதைத் தருவீர்களா என்று கேட்டுவைப்பது நல்லது.

மலம் சேரும் பை எல்லோருக்கும் இல்லை. குடலை வெட்டி இணைக்க வேண்டி வந்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு. அதே ஆய்வில் குடல் வெட்டப்பட்டவர்களில், சூட்டுக் கீமோ பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 43 சதவீதம் பேருக்கும் பை வைத்தார்கள். தையல் ஆறும்வரை மலத்தை வேறு வழியில் விடுவது பாதுகாப்பு என்று டாக்டர்கள் நினைத்ததே காரணம். பல பெண்களுக்குப் பின்னாளில் குடலை உள்ளே சேர்த்துவிட முடிகிறது. பையோடு சமைக்கலாம், குளிக்கலாம், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகலாம். ஆபரேஷனுக்கு முந்தின நாளே பை எங்கே வரும் என்று வயிற்றில் குறி போடச் சொல்லுங்கள். சேலைக் கட்டு படும் இடத்தில் வைத்துவிட்டால் நாள் முழுக்க அவதி.

வீட்டுக்கு வந்தபின் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஏறக்குறைய பத்து நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டிவரும். முதல் ஓரிரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில். வீட்டில் கஞ்சி, குழைய வேகவைத்த பயறு, மீன், முட்டை, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. மரச்சீனிக் கிழங்கு குடல் ஆறும்வரை வேண்டாம். பேரப்பிள்ளைகள் கட்டிப்பிடிக்கலாம், நோய் ஒட்டாது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சிறுநீர் குறைவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, காதில் ரீங்காரம், தையலில் நாற்றமுள்ள நீர், இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே கிளம்புங்கள். மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

விளையை ஒத்தி வைத்தாவது செய்யலாமா?

ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம்தான் பலருக்கு இருக்கும் ஒரே சொத்து. அதனால் நேராகவே சொல்கிறேன். முதலில் ஒத்திப் பத்திரம் எழுதாதீர்கள். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனையில், அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கம், அந்த அட்டை செல்லுமா, சூட்டுக் கீமோ அதில் அடங்குமா என்று காப்பீட்டுக் கவுண்டரில் எழுதி வாங்குங்கள். பம்பும் குழாய்த் தொகுப்பும் தனிக் கணக்காக வரும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, உடன் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்று வேண்டும்.

பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், சூட்டுக் கீமோவுக்குச் செலவழிப்பதைவிட, இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்து பழகிய, நல்ல மயக்க மருத்துவரும் ஐசியுவும் உள்ள இடத்தில் முழுமையான ஆபரேஷனுக்கும், விடாமல் முடிக்கும் ஆறு கீமோவுக்கும் செலவழியுங்கள். மைனிக்கும் இதைத்தான் அண்ணனிடம் சொன்னேன். அவர்களுக்கு இரண்டும் அமைந்தது. பத்தொன்பது மாதம் கழித்து நோய் சிறிதாகத் திரும்பியது, இப்போது மறுபடி மருந்தில் இருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது மாதத்தில் அண்டியாபீசுக்குப் போகவில்லை, ஆனால் வீட்டில் எல்லா வேலையும் செய்தார்கள்.

மகள்களுக்கும் வருமா?

இந்தப் புற்று வந்த பெண்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இருக்கிறது. இருந்தால் மகளுக்கும் மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சினைப்பைப் புற்று வந்த எல்லாப் பெண்ணுக்கும் இந்த ரத்தச் சோதனை செய்வது நல்லது. கோளாறு இருந்தால் நோயாளிக்கே ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்யும், மகள்களும் முன்னதாகவே கவனமாக இருக்கலாம். கல்யாணம் தடைப்படும் என்று பயந்து சோதனையைத் தவிர்த்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அந்தப் பயம் புரிகிறது. முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குள் தெரிந்தால் போதும்.

அம்மாவிடம் கேன்சர் என்று சொல்லவில்லை. கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். அப்படியே ஆபரேஷனுக்குக் கொண்டுபோகலாமா?

வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அம்மாதான். படிவம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் கேளுங்கள், தமிழ் தெரிந்த சிஸ்டர் யாராவது இருக்கலாம். பை வரலாம், சூட்டுக் கீமோ நடக்காமலும் போகலாம் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மைனியிடம் மறைக்கத்தான் அண்ணன் நினைத்தார். முந்தின இரவு நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பை வச்சா இடது பக்கம் வைக்கச் சொல்லு பிள்ளே, வலது பக்கம் நான் தண்ணிக்குடம் வைக்கிற இடுப்பு" என்றார்கள். காலையில் சர்ஜனிடம் அதைச் சொன்னேன். குடலின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்துத்தான் பக்கம் அமையும் என்று சொல்லிவிட்டு, அவரே வந்து மைனியை எழுந்து நிற்கச் சொல்லி இரண்டு பக்கமும் பார்த்துக் குறி போட்டார்.